முன்கூட்டியே அறிவித்த ஆட்ட நாயகன்

விருந்தறையின் வெள்ளை விளக்கடியில் டேரன் என்ட்விசில் ஷாம்பெய்ன் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கால்பந்துத் தடுப்பாட்டக்காரன், பதினேழு வருடம், ஒன்பது கிளப். மே மாதத்தோடு இந்த ஒப்பந்தமும் முடிகிறது. கிளப்பின் வழக்கப்படி, இன்று ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே அவனை ஆட்ட நாயகன் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். கடைசி நிமிடத்தில் அவன் சேம்சைடு கோல் போட்டு அணியைத் தோற்கடித்தான். பரிசு தரும் கம்பளக் கடைக்காரர் ஹார்கிரீவ்ஸின் டையில் குழம்பு காய்ந்திருக்கிறது. பந்துக்கும் பூசணிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாத ஆள் என்று நினைத்தபடியே டேரன் அவரைப் பார்த்துச் சிரிக்கிறான். ஜன்னலோர மேஜையில் கிளப் தலைவர் சாப்பிடுகிறார். டேரனின் அடுத்த வருட ஒப்பந்தம் அவர் கையில்தான் இருக்கிறது. “நம்ம கோல் எந்தப் பக்கம்னு இப்பவாவது தெரிஞ்சுதா தம்பி?” என்கிறார் ஹார்கிரீவ்ஸ். மேஜைகள் சிரித்துக் குலுங்குகின்றன. “பதினேழு வருசமாத் தேடுறேன் சார்,” என்று டேரனும் சேர்ந்துகொண்டு, ஓரக்கண்ணால் தலைவரைப் பார்க்கிறான். அங்கே தட்டில் கத்தி கீச்சிடுகிறது. புகைப்படக்காரர் கேமராவை உயர்த்துகிறார். “கொஞ்சம் தள்ளுப்பா, பின்னாடி போர்டுல கடைப் பேரை மறைக்கிற.” டேரன் தள்ளி நிற்கிறான். தலைவர் தலை நிமிராமலே சொல்கிறார்: “பாட்டிலை மட்டும் படம் எடுங்க. மே மாசத்துக்கப்புறம் அந்த மூஞ்சி நமக்கு எதுக்கு?” சிரித்த முகம் சிரித்தபடியே இருக்க, டேரன் இன்னும் ஓரடி விலகி நின்று, பாட்டிலை மட்டும் கை நீட்டிக் காட்டுகிறான்.