இருபது பவுண்டு ஈயம்

“உன் எடை எவ்வளவும்மா?”

மூன்று வருடங்களுக்கு முன்பு கார்லா பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கப் போன அன்று, எடைமேடைப் பொறுப்பாளர் ராய்ஸ் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற பதினோரு ஆண்களிடம் அவர் அதைக் கேட்கவில்லை.

இடுப்புச் சுற்றளவும் வேண்டுமா என்று கேட்க நாக்கு துடித்தது. “நூத்திப் பதினெட்டு” என்று மட்டும் சொன்னாள்.

ஓட்டுகிறவரோடு சேர்த்து வண்டி ஆயிரத்து நானூறு பவுண்டுக்குக் குறையக் கூடாது என்பது அந்தத் தடத்தின் விதி. குறைந்தால் ஜெயித்ததும் செல்லாது. ஒல்லிப் பெண் உட்கார்ந்தால் வண்டி பறக்குமே, இது என்ன நியாயம் என்று ஆண்கள் முணுமுணுத்தார்கள்.

எடைக் குறைவை ஈடுகட்ட அவள் இருபது பவுண்டு ஈயக்கட்டி ஒன்றுக்கு வெள்ளை அடித்து, விதிப்படி வண்டி எண்ணை அதில் எழுதி, இருக்கைக்குப் பின்னால் போல்ட் போட்டு முறுக்கினாள். மூன்று வருடமாக அதைச் சுமந்துகொண்டுதான் எல்லாருக்கும் பின்னால் ஓடினாள்.

இந்த மார்ச் ஞாயிறு மதியம், பென்சில்வேனியாவின் அந்த அரை மைல் மண் தடத்தில், முதன்முறையாக அவளுக்கு முன்னால் யாரும் இல்லை.

இருபத்தைந்து சுற்று. முன்னோட்டப் பந்தயம் சொதப்பியதால் பதினான்காவது இடத்தில்தான் புறப்பட்டாள். தலைக்கு மேலிருந்த பெரிய இறக்கை வண்டியைத் தரையோடு அழுத்த, சறுக்கிச் சறுக்கியே ஒவ்வொருவராகத் தாண்டினாள். கடைசி வளைவில், அதுவரை முதலில் ஓடிய ஷெல்டனையும் தாண்டியபோது கட்டம் போட்ட கொடி அவளுக்காக இறங்கியது.

அந்தச் சூடு ஆறுவதற்குள் வண்டியோடு எடைமேடையில் ஏறினாள்.

ஆயிரத்து முந்நூற்று எண்பத்து மூன்று.

ராய்ஸ் வண்டியை இறக்கி மறுபடி ஏற்றச் சொன்னார். அதே எண்.

“பதினேழு குறையுதும்மா. வழியில ரெண்டு கை சேறாவது அப்பிட்டு வந்திருக்கக் கூடாதா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

கார்லா பெல்ட்டைத் தளர்த்தி, இருக்கைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். ஈயக்கட்டி இல்லை. விரலில் இரண்டு வெற்று ஓட்டைகள்தான் தட்டுப்பட்டன. விளிம்புகள் வழவழவென்று இருந்தன. பிய்ந்து விழுந்ததல்ல. காலையில் அவளே முறுக்கிய போல்ட்டுகளை யாரோ ஸ்பேனர் வைத்துக் கழற்றியிருக்கிறார்கள்.

அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

அடுத்து எடை பார்க்க ஷெல்டன் தன் வண்டிக்குள் காத்திருந்தான். இவள் ஜெயித்தது செல்லாது என்றால் முதலிடம் அவனுக்கு. பந்தயத்துக்குச் சற்று முன்புதான், அவள் வண்டியை ஏற்றி வந்த டிரெய்லர் பக்கம் வந்து, காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போனவன் வேறு.

“ஏன்டா, தடத்துல முடியலன்னா ஸ்பேனரைத் தூக்கிட்டு வந்துடுவியா?”

“என்ன உளர்றே? உன் காபியைத் தவிர நான் எதையும் தொடல. அதுவும் ஆறிப்போன காபி.”

“எழுதுங்க ராய்ஸ். நான் புகார் குடுக்கிறேன். இனிமே இவன் எந்தத் தடத்துலயும் வண்டி ஓட்டக் கூடாது.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ராய்ஸ் தாளை நீட்டினார். கையுறையைக் கூடக் கழற்றாமல் பேனாவை வாங்கினாள் கார்லா.

கையெழுத்துப் போடும் இடத்தை, நகமெல்லாம் கிரீஸ் ஏறிய ஒரு கை வந்து மறைத்தது. அவளுடைய அப்பா வெர்ன். அவளுக்கு இருக்கிற ஒரே மெக்கானிக்கும் அவர்தான்.

“அவனை விட்டுடும்மா. கழட்டினது நான்தான்.”

பேனா அப்படியே நின்றது.

மகளை ஜெயிக்க வைக்கத் திருட்டு வேலை செய்திருக்கிறார். ஆத்திரத்துக்கு நடுவிலும் அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது அவளுக்கு.

“ஜெயிச்சா நேரா இங்கதானே வரணும்? இதுகூடவா தெரியாது உங்களுக்கு?”

வெர்ன் எடைமேடையின் இரும்புத் தகட்டைப் பார்த்தபடி சொன்னார்.

“பதினாலாவதா கிளம்பினே. ஒரு எட்டாவதாவது வரட்டுமேன்னு நெனச்சேன். முதல் நாலு வண்டியத்தானேம்மா இங்க ஏத்துவாங்க.”

ராய்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷெல்டன் தலைக்கவசத்தை மறுபடி மாட்டிக்கொண்டான்.

மேடையைக் காலி செய்ய வேண்டும். வெர்ன் வண்டியின் பின்கம்பியில் இரண்டு கைகளையும் வைத்து, தள்ளத் தயாராகக் குனிந்தார்.

கார்லா ஸ்டியரிங்கைக் கழற்றினாள். அதைக் கழற்றாமல் அந்த இருக்கையிலிருந்து யாரும் எழுந்திருக்க முடியாது. எழுந்ததும் அதைத் திரும்ப மாட்டிவிட்டால்தான் வண்டியைத் திருப்ப முடியும்.

அவள் மாட்டவில்லை. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கம்பிக் கூண்டைத் தாண்டி இறங்கி, டிரெய்லர் நின்ற பக்கம் திரும்பாமல், வெளிவாசலை நோக்கி நடந்தாள்.