பைக்குள்ளே ஒரு விலை

"என்ன சொல்றே? என்ன சொல்றே?"

ஏலக்காரர் இசொபேயின் குரல் ஜப்பானின் ஷிமொனொசெகி மீன் ஏலக்கூடத்தின் கூரையில் மோதித் திரும்பியது. அவருடைய வலது கை முழங்கை வரை ஒரு கறுப்புத் துணிப் பைக்குள் இருந்தது. வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய், அந்தப் பைக்குள் கையை விட்டு, அவர் விரல்களை அழுத்தி விலை சொன்னார்கள். எந்த விரல், எத்தனை விரல் என்பது உள்ளே இருக்கிற இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். விஷ மீனான பேத்தைக்கு அங்கே வாயால் விலை கேட்கிற வழக்கம் கிடையாது.

வரிசையில் நின்ற வியாபாரி குராமோட்டோ தொட்டியை எட்டிப் பார்த்தார். அன்றைய ஏலத்தின் ராஜாவான புலிப் பேத்தை, யாரோ கை வைத்துவிட்ட ஆத்திரத்தில் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பந்தாக ஊதி, வயிற்று முள்ளெல்லாம் சிலிர்க்க மிதந்துகொண்டிருந்தது.

"அப்படியே உன்னை உரிச்சு வச்ச மாதிரி இருக்கு," என்றார் நொகாமி. குராமோட்டோவின் கடையில் விஷம் நீக்கி மீன் அறுப்பவர் அவர். பழகிப் பழகி, முதலாளி என்கிற பயம் எப்போதோ போய்விட்டது.

"எதுல? அழகுலயா?"

"வேகமா நீந்தத் தெரியாது. ஓடித் தப்பிக்கவும் தெரியாது. அதனால யாராவது கிட்ட வந்தா ஊதிக் காட்டுது. அதுக்கும் மசியலைன்னா, இருக்கவே இருக்கு ஈரல்ல விஷம்."

"என் ஈரல்ல விஷம் ஏதுய்யா? வெறும் அரிசிச் சாராயம்தான்."

"அது சரி. இன்னிக்காவது மிசாவோகிட்ட கேட்டுடுவியா?"

குராமோட்டோவின் குரல் தானாகத் தணிந்தது. மிசாவோ எதிர்க்கடைக்காரி. மனைவி போன பிறகு தனியாகச் சமைத்து, தனியாகக் கருக்கி, தனியாகச் சாப்பிட்டு அலுத்துப்போன மனுஷர் அவர். இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் கேட்டே தீருவது என்று இருந்தார்.

"இந்த மீனை ஏலத்துல எடுத்து, அவ கையிலேயே கொடுத்துக் கேட்கப் போறேன். வெறுங்கையோட போய் நின்னா, இந்தத் தொப்பை மட்டும்தானே அவ கண்ணுக்குத் தெரியும்?"

"அவளுக்கும் இஷ்டம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு நாள் விடாம ஏலத்துக்கு வர்றா. எனக்கு முன்னாடிதான் வந்து நிக்கிறா. தினமும் என்கிட்ட தோத்துட்டுப் போறா, மறுநாளும் வர்றா. மீனுக்காக வரலைங்கறது மட்டும் நிச்சயம்."

"என்ன சொல்றே? என்ன சொல்றே?" என்று மறுபடியும் குரல் வந்தது.

மிசாவோ முன்னே போய்ப் பைக்குள் கையை விட்டாள்.

அந்தக் கூடத்தில் குராமோட்டோவுக்கு, தோளைப் பார்த்தே விலையைச் சொல்லிவிடுவார் என்று ஒரு பெயர் உண்டு. வைத்தது அவரேதான். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். மற்றவர்கள் கையை விட்டதும் எடுத்துவிட்டார்கள்; மிசாவோ எடுக்கவில்லை. தோள் லேசாக அசைந்தது. பை குலுங்கியது. அவளுடைய காது மடல் சிவந்தது.

"பாரு, பாரு," என்று நொகாமியை இடித்தார். "காது சிவந்தா கைக்கு மீறின விலைன்னு அர்த்தம். ஏத்திக்கிட்டே போறா. இன்னிக்கு விடமாட்டா."

மிசாவோ மெல்லக் கையை எடுத்துக்கொண்டு, தலை குனிந்தபடி நகர்ந்தாள்.

அடுத்தது அவர். நெஞ்சை நிமிர்த்தினார், தொப்பையும் கூடவே நிமிர்ந்தது. பைக்குள் கையை விட்டு, மனதில் போட்டு வைத்திருந்த விலைக்கு மேலே ஒரு விரலைச் சேர்த்து, சிவந்த காதை நினைத்து இன்னொன்றையும் சேர்த்து அழுத்தினார். இசொபேயின் விரலில் ஏதோ சில்லென்று தட்டுப்பட்டது. ஐஸ் துணுக்கு ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டார். இசொபேயோ குரல் கொடுக்கவும் மறந்து அவரையே பார்த்தார். ஆள் மலைத்துப் போய்விட்டான் என்று குராமோட்டோவுக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

மீன் அவருக்குத்தான் விழுந்தது.

தண்ணீரும் மீனுமாகப் பெட்டியைச் சுமந்துகொண்டு கூடத்து வாசலில் நின்ற மிசாவோவிடம் போனார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பேச்சு வாசலிலேயே மறந்துபோயிற்று.

"இது... உனக்குத்தான்."

"எனக்கா?"

"நீயும் லேசுப்பட்ட விலையா சொல்லியிருப்பே? பார்த்தேனே. உன்னைத் தோற்கடிச்சு எடுத்துக்கிட்டுப் போக மனசு வரலை."

"நான் விலையே சொல்லலையே, அண்ணே."

அண்ணே என்ற சொல்லில் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீர் அவர் பூட்ஸுக்குள் இறங்கியது.

"அப்போ... அவ்வளவு நேரம் பைக்குள்ள..."

மிசாவோவின் காது மடல் மறுபடியும் சிவந்தது. "உங்களுக்கு யார் சொன்னா? யாருக்குமே தெரியாதுன்னுல்ல நெனச்சோம்! கல்யாணப் பரிசா இவ்வளவு பெரிய மீனா? இங்க வாங்களேன், அண்ணனுக்கு ஒரு கும்பிடு போடுங்க!"

ஏலத்தை முடித்துவிட்டு வந்த இசொபே கறுப்புப் பையை உருவிக்கொண்டே இடுப்பு வளையக் குனிந்தார். அவர் விரலில், சற்றுமுன் குராமோட்டோ ஐஸ் துணுக்கு என்று நினைத்த புது மோதிரம் மின்னியது.

பெட்டிக்குள் மீன் இன்னும் ஊதித்தான் இருந்தது, குராமோட்டோ அதை ஒரு தரம் பார்த்துவிட்டு, மூச்சை நன்றாக உள்ளே இழுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எனக்குத் தெரியாம இந்த ஏலத்துல எது நடக்கும்?" என்றார்.