நாலு பேர் தூக்கிய நாய்

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை அது. ஈயத்தின் மேல் முதலாளிக்கு உயிர். யாரும் அதை மடியில் கட்டிக்கொண்டு போய்விடக்கூடாது என்று, வரும்போதும் போகும்போதும் ஆட்களை வாசலில் எடை போட்டார்கள். உலையில் நின்று உருக்குகிறவனுக்கு மட்டும் கணக்கு உதைத்தது. தினமும் போகும்போது நாற்பது கிராம் கூடியிருந்தான். சட்டையை உதறச் சொன்னார்கள், செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஒரு குண்டுமணிகூட அகப்படவில்லை.

"ஆளு துரும்பா இளைச்சுட்டே வர்றே, எடை மட்டும் எப்படிய்யா ஏறுது?" என்று சிரித்த காவல்காரர், பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்.

உலையோரம் படுத்துச் சாம்பலை நக்கும் பட்டறை நாய் ஒருநாள் காலை வலிப்பு வந்து செத்தது. எலும்பும் தோலுமாய்க் கிடந்த அதைத் தூக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

அன்று மாலை வீட்டில், உருக்குகிறவனின் சட்டையை வழக்கம்போல் மகளின் துணிகளோடு சேர்த்து ஊறவைத்தபடி மனைவி சொன்னாள்.

"டீச்சர் வரச் சொல்லியிருந்தாங்க. போன வருஷம் படிச்ச எழுத்தெல்லாம் மறந்துட்டாளாம். சாப்பாடும் இறங்க மாட்டேங்குது இவளுக்கு."

மகள் ஓடி வந்து கைகளை நீட்டினாள். "தூக்குப்பா!"

ஈர்க்குச்சி உடம்பு. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தூக்கினான். அவள் பாதங்கள் தரையை விட்டு எழவில்லை.

"விளையாடாதப்பா," என்று மகள் சிரித்தாள். "தூக்கு."