பெண் பார்க்க வந்த கேள்விகள்

"இருமல் உண்டாம்மா? ராத்திரி வேர்க்குமா? எடை குறைஞ்சிருக்கா?" மகனுக்குப் பெண் பார்க்கத் தாம்பரம் வந்த புரொபசர் அசரியா, ஹில்டாவிடம் கேட்டுக்கொண்டே போனார்.

தாயார் ரத்தினபாய்க்குச் சுருக்கென்றது. "எம் பொண்ணுக்கு டிபின்னு சந்தேகப்படறீங்களா சார்?"

"சேச்சே! இந்தப் பதில்களை வெச்சுக் கம்ப்யூட்டர் காசநோயைக் கண்டுபிடிக்குமான்னு ஆராய்ச்சி பண்றேன். ஆரோக்கியமானவங்க பதிலும் வேணும்."

ரத்தினபாய் நம்பவில்லை. அடுத்த வாரம் அவர் தனியாக வந்து, "இந்தச் சம்பந்தம் வேண்டாம்மா" என்றதும் வெடித்தாள்.

"நெனச்சேன்! உங்க மிஷின் எம் பொண்ணு மேல பழி போட்டுடுச்சா?"

அசரியா தலைகுனிந்தார். "ஹில்டாவுக்கு ஒண்ணுமில்லை. என் மகன் பதிலையும் போட்டேன். அவனுக்குத்தான் டிபின்னு காட்டிடுச்சு. எக்ஸ்ரேவும் அதையே சொல்லுது. நீங்க வேற இடம் பாருங்க."

ஹில்டா முன்னால் வந்தாள்.

"குணமானதும் அவரைக் கூட்டிட்டு வாங்க, மாமா."