மவுஸ் நிற்காத மத்தியானம்

ஐந்து நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் அலுவலகச் செயலி பெயரைச் சிவப்பாக்கிவிடும். வீட்டிலிருந்தபடி ஒப்பந்தங்களைப் படித்துச் சரிபார்ப்பவள் அவள். கண் செய்யும் வேலை செயலிக்குத் தெரியாது. ஏற்கெனவே இரண்டு சிவப்பு. மூன்றானால் வேலை போய்விடும்.

மேலாளர் போனில் அழைத்தார்.

"நேத்து மத்தியானம் ரெண்டு மணி நேரம் உங்க மவுஸ் நிக்கவே இல்லையேம்மா?"

"வேலை அப்படி சார்."

"பதிவைப் பாத்தேன். இடமும் வலமுமா ஒரே சீரா போயிட்டு வந்திருக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே குழந்தை தூங்கும் தொட்டில். அதன் அடியில் கட்டிய மவுஸ் தரையை உரசி ஆடிக்கொண்டிருந்தது.

"தப்புதான் சார்... தொட்டில்ல கட்டிட்டேன்."

"தொட்டில் நின்னுட்டா மாட்டிக்குவீங்கம்மா. தலையாட்டுற டேபிள் ஃபேன்ல கட்டுங்க. என்னோடது மூணு மாசமா அதுலதான் இருக்கு."