உடைந்த தூணுக்கு மாலை

உள்நாட்டுப் போரில் ஒற்றை ஆளாக ஆற்றுப் பாலத்தைத் தகர்த்ததற்காகத் தில்லைநாயகத்துக்கு வீரப்பதக்கம் கொடுத்தார்கள். அதற்காக ஆண்டுதோறும் ஆற்றங்கரையில் விழா. மிஞ்சி நின்ற ஒற்றைத் தூணுக்கும் மாலை உண்டு. அவருடைய வீடு அக்கரையில், ஆஸ்பத்திரி இக்கரையில்.

இந்த முறை அமைச்சர் தாராளமாக, “என்ன வேணும், கேளுங்க” என்றார்.

“பாலம் வேணும் ஐயா. மகளுக்கு இது எட்டாம் மாசம்.”

அமைச்சர் பதறிப்போனார். “பாலத்தைக் கட்டிட்டா உங்க வீரத்துக்கு என்னய்யா சாட்சி?”

கூட்டம் கைதட்டி ஓய வெகுநேரமாயிற்று. தில்லைநாயகம் பதக்கம் நனையாமல் கையால் பொத்திக்கொண்டு பரிசலில் ஏறினார். பரிசல்காரன் ஒருவன்தான் மனதாரக் கும்பிட்டான்.

“உங்க புண்ணியத்துலதான் என் அடுப்பு எரியுது, ஐயா. ஆனா அடுத்த மாசம் வெள்ளம் வந்துடும், பரிசல் ஓடாது. உங்க மகளுக்கு நீச்சல் தெரியுமில்ல?”