கூட ஏறும் ஆள்

"சார், இனிமே அவன்கூட என்னைத் தொட்டில்ல ஏத்தாதீங்க. கடவுளே இல்லைங்கிறவன்கூட ஒரே கயித்துல தொங்க என்னால ஆகாது."

உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் வர்ணம் அடிக்கும் பெயின்டர் அவர். கயிற்றில் தொங்கும் இரும்புத் தொட்டிலில் இரண்டிரண்டு பேராகத்தான் ஏற வேண்டும். வருஷக்கணக்காக அவருக்கு ஜோடி நெட்டையன்.

"ஏன், சண்டை போட்டானா?" என்றார் சூப்பர்வைசர்.

"அதெல்லாம் இல்ல. ஏறினதும் நான் கண்ணை மூடிக் கும்பிடுறேன். அவன் பாட்டுக்கு என் பின்னாடி நின்னு எதையோ உருட்டிக்கிட்டு இருக்கான். ஒரு கும்பிடு போட்டா குறைஞ்சா போயிடுவான்?"

"இத்தனை நாள் எப்படிப் பொறுத்துக்கிட்டீங்க?"

"எனக்குப் பெரிய மனசு சார்."

இதைச் சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை. நெட்டையன் திருந்த வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறவர் ஆயிற்றே. தன்னுடைய புண்ணியத்தில்தான் அவனும் கீழே விழாமல் இருக்கிறான் என்பது அவர் கணக்கு.

நெட்டையனைக் கீழே பெயின்ட் கலக்கும் வேலைக்கு மாற்றினார்கள். "சரிங்க" என்று போய்விட்டான். அவன் ஒரு வார்த்தை கெஞ்சவில்லையே என்று பெயின்டருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

மறுநாள் புது ஜோடி வந்தான். அவர் சாமியையே கும்பிடுகிறவன். பக்தியில் அவரையே தூக்கிச் சாப்பிடுவான் போலிருந்தது. இருவரும் சேர்ந்து கண்ணை மூடி, மனமுருகிக் கும்பிட்டார்கள். பெயின்டர் புது ஆளின் தோளைத் தட்டிக்கொடுத்தார். இதுவல்லவோ ஜோடி!

தொட்டில் மேலே போனது. வாளியை எடுக்கக் குனிந்தவருக்கு ஈரத்தில் கால் வழுக்கியது. கைக்குக் கம்பி அகப்பட்டதால் பிழைத்தார். புது ஆள் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டான்.

போன உயிர் திரும்பி வந்ததும் முதுகுப் பக்கம் தடவிப் பார்த்தார். பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கி, கயிற்றில் மாட்டப்படாமல் சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

இறங்கியதும் நேராக நெட்டையனிடம் போனார்.

"டேய், நான் கும்பிடும்போது பின்னாடி நின்னு என்னடா பண்ணுவே?"

"உங்க கொக்கியை மாட்டுவேண்ணே. கும்பிடுற மும்முரத்துல பாதி நாள் மறந்துடுவீங்க. புது ஆள்கிட்டயும் சொல்லித்தான் விட்டேன், அவனும் அதே மும்முரத்துல மறந்துட்டான் போல."

"இறங்கிக் கழட்டும்போது மாட்டித்தானே இருக்கும்? நானே மாட்டினதா இல்ல நினைச்சேன்!"

நெட்டையன் பெயின்டைக் கலக்கிக்கொண்டே சிரித்தான்.

"ஏன்டா, ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே? உன்னை நான் என்னவெல்லாம் பேசினேன்!"

"எப்படிண்ணே சொல்றது? கடவுள் பாத்துக்குவார்னு அவ்வளவு நிம்மதியா மேல வருவீங்க. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல."